பள்ளத்துத் தண்ணீர் மேலே வந்த காலை

போன வாரம் ஜெனிஃபர் போன் செய்தாள். புதுக்கோட்டை குடிநீர்ப் பரிசோதனைக் கூடத்தில் நான் ஓய்வு பெற்ற பிறகு என் நாற்காலிக்கு வந்த பெண். கெட்டிக்காரி. அதனால்தான் அவள்மேல் கோபம் கூடுதலாக வருகிறது.

“மேடம், ஒரு கண்மாய்த் தண்ணி நாறுதுன்னு ஊர்க்காரங்க தெனமும் கூப்பிடுறாங்க. ஆனா சென்சார்ல எல்லாமே நார்மல்னு காட்டுது. மக்களுக்கு என்ன மேடம் சொல்றது?”

“சென்சார் எங்கம்மா வச்சிருக்கு?”

“படித்துறையில மேடம். கம்பத்துல கட்டியிருக்காங்க.”

“தண்ணி எடுக்கிற குழாய் எங்க கெடக்கு?”

“அது மடைகிட்ட, ஆழத்துல மேடம்.”

நான் போட்ட சத்தத்தில், உள்ளே டிவி பார்த்துக்கொண்டிருந்த என் கணவர் எட்டிப் பார்த்தார். “ரிட்டயர் ஆயாச்சுல்ல, இன்னும் யாரைத் திட்டிக்கிட்டு இருக்க?” என்றார். கண்மாயை என்றேன்.

படித்துறையில் கம்பம் நட்டவர்களுக்கு அது வசதி. ஜீப்பிலிருந்து இறங்கினால் சேறு படாமல் போய்த் துடைத்துவிட்டு வரலாம். ஆனால் ஊர் குடிப்பது படித்துறைத் தண்ணீரை இல்லையே! வேலையில் இருந்த காலமெல்லாம் இதைத்தான் கத்திக்கொண்டிருந்தேன். குடத்தில் எங்கே மொண்டாலும் ஒரே தண்ணீர். கண்மாய் குடம் இல்லை. அதில் ஒன்றன்மேல் ஒன்றாக இரண்டு மூன்று தண்ணீர் கிடக்கும். நம் ஊர் வெயில் மேல்தண்ணீரைச் சுட வைக்கிறது. சூடான தண்ணீர் லேசு, மேலேயே மிதக்கும். அடியில் கிடப்பது குளிர்ந்தது, கனமானது. பலமான காற்றோ மழையோ வந்து கலக்காதவரை இரண்டும் சேராது. மேலே உள்ளதற்குக் காற்று கிடைக்கிறது. அடியில் உள்ளதற்குக் கிடைப்பது சருகும் சாணியும் செத்த பாசியும்தான். அவை அழுகி, இருக்கிற கொஞ்ச ஆக்ஸிஜனையும் தின்றுவிடும். அப்புறம் அந்தத் தண்ணீர் அழுகின முட்டை நாற்றம் அடிக்கும். இவ்வளவுதான் விஷயம். இதைப் புரியவைக்க எனக்கு ஒரு ஆயுள் போதவில்லை.

“இதையெல்லாம் எழுதிக் குடுங்க மேடம், புதுசா சேர்ந்தவங்களுக்குப் படிச்சுக் காட்டுறேன்” என்றாள் ஜெனிஃபர். அவள் கேட்டது ஒரு பக்கம். நீண்டுபோனால் அவள்தான் பொறுப்பு.

திருச்சியில் வேதியியல் படித்துவிட்டு, பரீட்சை எழுதி வேலைக்கு வந்தவள் நான். முதல் சில மாதம் பாட்டில் கழுவினேன், அடுத்த சில மாதம் மற்றவர்கள் சரியாகக் கழுவினார்களா என்று பார்த்தேன். பயிற்சி என்று சொல்வதற்கு அதற்குமேல் எதுவும் கிடையாது. மற்றது எல்லாம் சாமிநாதன் சாரிடம் பட்டது.

சாமிநாதன் சார் எங்கள் தலைமைப் பகுப்பாய்வாளர். ஒல்லியான மனிதர். வெள்ளைச் சட்டையில் ஒரு கறைகூட இருக்காது. கத்தவே மாட்டார். கத்தினாலாவது பரவாயில்லை என்று நாங்கள் நினைத்த நாட்கள் உண்டு. குடுமியான்மலைப் பக்கமிருந்தோ ஆவுடையார்கோவில் பக்கமிருந்தோ யாராவது வெயிலில் பஸ் ஏறி, மடியில் பாட்டிலை வைத்துக்கொண்டு வந்து நிற்பார்கள். சார் பாட்டிலை வாங்கி வெளிச்சத்தில் பிடிப்பார். பிறகு மெதுவாகக் கேட்பார்.

“எங்க எடுத்தீங்க?”

“கம்மாயில சார்.”

“கம்மாயில எங்க?”

“கரையோரமா.”

“எந்த ஆழத்துல?”

வந்தவர் தலையைச் சொறிவார். சார் பாட்டிலை அப்படியே தொட்டியில் கவிழ்த்துவிடுவார். கடைசிச் சொட்டு விழும்வரை பிடித்திருந்து, பாட்டிலைக் கழுவி, துடைத்து, “போய் எடுத்துட்டு வாங்க” என்று திருப்பிக் கொடுப்பார். வந்தவருக்கு முகம் செத்துப்போகும். ஊழியர்களுக்கும் அதே கதைதான். ஒருமுறை நான் பகல் முழுக்க அலைந்து கொண்டுவந்ததை, வெயில் உச்சியில் இருந்தபோது எடுத்தேன் என்று சொன்ன பாவத்துக்காகக் கொட்டிவிட்டார். “மத்தியானம் பாசி ஆக்ஸிஜன் விட்டுக்கிட்டு இருக்கும். விடிகாலையில அதே இடத்துல பாதிகூட இருக்காது. நீங்க கம்மாயோட நல்ல நேரத்தை மட்டும் எடுத்துட்டு வந்திருக்கீங்க” என்றார். சரியான பேச்சுதான். சரியான பேச்சைக் கேட்கும்போதும் எரிச்சல் வரும் என்பதை அவரிடம்தான் தெரிந்துகொண்டேன்.

அவர் ஓய்வு பெறுவதற்கு முந்தைய ஐப்பசியில்தான் அரிமளத்துக்குக் கிழக்கே இருக்கும் அந்த ஊரின் விவகாரம் வந்தது. ஊர்ப் பெயர் வேண்டாம். கண்மாய்க்குள் போட்ட குழாய் வழியாகக் கரையோரக் கிணற்றுக்குத் தண்ணீர் வரும். அங்கிருந்து வடிகட்டி மேல்நிலைத் தொட்டிக்கு ஏற்றுவார்கள். ஊரே குடிப்பது அதைத்தான்.

கடும் வெயிலும் புழுக்கமுமாக இருந்து, அந்தப் பருவத்தின் முதல் பெருமழை ஒரு சாயங்காலம் கொட்டியது. மறுநாள் காலை குழாயில் கறுப்பாக, நாற்றமாகத் தண்ணீர் வந்தது. கண்மாய்க் கரையில் மீன்கள் வெள்ளை வயிற்றைக் காட்டிக்கொண்டு ஒதுங்கிக் கிடந்தன. நான் அலுவலகத்துக்குக் கிளம்புவதற்குள் வாட்ஸ்அப்பில் குரல் செய்தி சுற்ற ஆரம்பித்துவிட்டது. கண்மாயில் விஷம் கலந்துவிட்டார்கள், யாரும் தண்ணீர் குடிக்காதீர்கள் என்று ஒருவர் மூச்சு வாங்க வாங்கப் பேசியிருந்தார்.

நான் போய்ச் சேர்ந்தபோது கரை முழுக்கக் கூட்டம். ஒன்றிய அலுவலகத்துக்காரர் ஒருவர் என்னைக் கண்டதும் ஓடிவந்தார்.

“ப்ளீச்சிங் பவுடர் போட்டாச்சு மேடம். டபுளா போட்டாச்சு.”

எங்கே என்ன கெட்டாலும் இவர்களுக்குத் தெரிந்த ஒரே மருந்து இதுதான். நாறுகிற தண்ணீரில் எவ்வளவு போட்டாலும் அதைத் தண்ணீரே தின்றுவிடும், கிருமியைக் கொல்ல மிஞ்சாது என்று சொன்னேன். “அப்ப இன்னும் கொஞ்சம் போடச் சொல்லவா?” என்றார். மோட்டாரை நிறுத்தி, தொட்டியைக் காலி செய்து, லாரியில் தண்ணீர் கொண்டுவரச் சொன்னேன்.

கூட்டத்தின் நடுவில் மீன் குத்தகைதாரர் ராசு நின்றார். பெரிய உடம்பு. கண் சிவந்திருந்தது. காலடியில் செத்த கட்லாக்கள் குவிந்து கிடந்தன. “எல்லாம் போச்சு மேடம். ஒரே ராத்திரியில போச்சு. அந்த சின்னையாப் பயலைத் தூக்கில போடணும்” என்றார்.

சின்னையா யார் என்பதை அங்கே வந்திருந்த சப்-இன்ஸ்பெக்டர் சொன்னார். அவர் இளைஞர், போலீஸ் வேலைக்குப் புதிது. கண்மாய்க்குத் தண்ணீர் வரும் வரத்து வாய்க்காலை ஒட்டி சின்னையாவுக்குக் கத்திரித் தோட்டம் இருக்கிறது. மழைக்கு முதல் நாள்தான் செடிகளுக்கு மருந்து அடித்திருக்கிறார். அதற்கும் முன்னால் மடையைத் திறப்பது பற்றி ராசுவுக்கும் சின்னையாவுக்கும் சண்டை. வயலுக்குத் தண்ணீர் வேண்டும் என்றார் சின்னையா. மீனுக்குத் தண்ணீர் நிற்க வேண்டும் என்று ராசு மடையைத் திறக்க விடவில்லை. “ஒம் மீனு எப்படிப் பொழைக்குதுன்னு பாக்குறேன்” என்று டீக்கடையில் பலர் முன்னால் சின்னையா சொல்லியிருக்கிறார். போதாதா? விடிந்ததும் ஸ்டேஷனுக்குக் கொண்டுபோய்விட்டார்கள். அதற்குள் யாரோ தோட்டத்தில் இறங்கி, காய்த்து நின்ற கத்திரிச் செடிகளைப் பிடுங்கிப் போட்டிருந்தார்கள்.

“நீங்க விஷம்னு எழுதிக் குடுத்துட்டுப் போனா எங்க வேலை முடிஞ்சிடும் மேடம்” என்றார் சப்-இன்ஸ்பெக்டர்.

“இன்னும் தண்ணியையே பாக்கலீங்களே.”

“அதான் கண்ணுக்கு நேரா மீன் செத்துக் கெடக்கே.”

எனக்கு முதலில் உறுத்தியது அந்த மீன்தான். குவியலைக் குச்சியால் புரட்டிப் பார்த்தேன். கட்லா, ரோகு, கெண்டை. ஒரு விரால்கூட இல்லை.

“ராசு, இந்தக் கம்மாயில விரால் இல்லையா?”

“இல்லாமயா? நெறயா கெடக்கு.”

“செத்ததுல ஒண்ணையும் காணோமே?”

அவர் குவியலைப் பார்த்தார். விரால் தண்ணீரை நம்பி மட்டும் வாழும் மீன் இல்லை. மேலே வந்து வாயைத் திறந்து காற்றைக் குடித்துவிட்டுப் போகும். விஷம் என்றால் அதுவும் செத்திருக்க வேண்டும். மூச்சு முட்டியதென்றால் அது தப்பித்துக்கொள்ளும்.

அடுத்து வாய்க்கால் கண்மாயில் விழும் இடத்துக்கு நடந்தேன். செம்மண் தண்ணீர் வந்து விழுந்துகொண்டிருந்தது. அங்கே ஒரு மீனும் சாகவில்லை. சின்னக் கெண்டைக் குஞ்சுகள் துள்ளிக்கொண்டிருந்தன. வாய்க்கால் வழியாக மருந்து வந்திருந்தால் முதலில் விழுந்திருக்க வேண்டியவை இவைதானே? செத்ததெல்லாம் எதிர்க்கோடியில், மடைப்பக்கம். அந்த வாய்க்கால் ஓரத்தில் ஒரு பெண், பிடுங்கிப்போட்ட செடிகளுக்கு நடுவில் உட்கார்ந்திருந்தார். சின்னையாவின் மனைவி செல்வராணி. என்னைப் பார்த்து எழுந்தார்.

“நாங்களும் இந்தத் தண்ணியத்தானங்க குடிக்கிறோம். எம் பிள்ளைகளும் இதத்தானங்க குடிக்குது. குடிக்கிற தண்ணியில யாராச்சும் விஷம் வைப்பாங்களா?”

அதை எழுதிக் கொடுக்க எந்த அறிக்கையிலும் இடமில்லை. “பாக்குறேம்மா” என்று மட்டும் சொன்னேன்.

மடைப்பக்கம் போக ராசுவின் தெர்மாகோல் தெப்பம்தான் இருந்தது. இரண்டு பேர் ஏறினால் முழங்கால்வரை நனைக்கும். புடவையைச் செருகிக்கொண்டு ஏறினேன். மடைக்கு முன்னால் போனதும் ராசு கோலை ஊன்றினார். கோல் உள்ளே போய்க்கொண்டே இருந்தது.

“இங்க இவ்வளவு ஆழமா?”

“கோடையில மண்ணு அள்ளுனாங்கல்ல. இங்கிட்டுத்தான் தோண்டுனாங்க. பெரிய பள்ளம்.”

“குடிதண்ணிக் குழாய்?”

“அதுவும் இந்தப் பள்ளத்துலதான் கெடக்கு. கடைசிவரைக்கும் தண்ணி நிக்கும்னு எஞ்சினியர் எறக்கிவிட்டுட்டுப் போனாரு.”

எனக்குத் தலையில் அடித்துக்கொள்ளத் தோன்றியது. கண்மாயிலேயே கெட்ட தண்ணீர் எங்கே தேங்கும் என்று தேடி, ஒரு பள்ளத்தையும் தோண்டி, அதற்குள் ஊர் குடிக்கும் குழாயைப் போட்டிருக்கிறார்கள்.

எங்களிடம் ஒரு கருவி உண்டு. கனமான இரும்புக் கூண்டு, உள்ளே பாட்டில். வேண்டிய ஆழத்துக்கு இறக்கியபின் தனிக் கயிற்றைச் சுண்டினால் அங்கே வைத்துத்தான் மூடி திறக்கும். பள்ளத்தின் அடியில் இறக்கிச் சுண்டினேன். மேலே வந்த தண்ணீர் சாம்பல் கறுப்பாக இருந்தது. நாற்றத்தில் ராசு முகத்தைத் திருப்பிக்கொண்டார். நடு ஆழத்தில் எடுத்தது செம்மண் நிறம். மேற்பரப்பு கலங்கின பாசிப் பச்சை.

நடந்தது எனக்கு விளங்கிவிட்டது. மழைத் தண்ணீர் குளிர்ந்தது, மண் கலந்து கனமானது. வாய்க்காலில் இருந்து விழுந்ததும் மேலே பரவாமல், அடியோடு சறுக்கி, கண்மாயின் தாழ்ந்த பக்கத்துக்கு ஓடியிருக்கிறது. மடைப் பள்ளத்தில் மோதி, வெயில் காலமெல்லாம் அங்கே அழுகிக் கிடந்த தண்ணீரில் ஒரு பகுதியைக் கிளப்பி மேலே தள்ளியிருக்கிறது. மழையோடு அடித்த காற்று அதை மேல்தண்ணீரோடு கலக்கியிருக்கிறது. ஆழத்தைத் தேடி அந்தப் பக்கம் கூடியிருந்த பெரிய மீன்கள் மூச்சு முட்டிச் செத்திருக்கின்றன.

கரைக்கு வந்து, கூட்டத்தின் முன்னாலேயே சோதனை மருந்து கலந்தேன். பாட்டிலில் இரண்டு கரைசல்களை ஊற்றி, காற்றுக் குமிழி இல்லாமல் மூட வேண்டும். தண்ணீரில் ஆக்ஸிஜன் இருந்தால் பழுப்பாகத் திரியும். இல்லாவிட்டால் வெள்ளையாகத் திரியும். வாய்க்கால் வாய்த் தண்ணீர் நல்ல பழுப்பாகத் திரிந்தது. பள்ளத்துத் தண்ணீர் மோர் மாதிரி வெள்ளையாக நின்றது.

“பாத்தீங்களா? இதுல மூச்சு விட ஒண்ணுமே இல்ல. மீன் மூச்சு முட்டிச் செத்திருக்கு” என்றேன்.

“வெள்ளையா இருக்குல்ல? அதான் விஷம்!” என்று கூட்டத்தில் ஒருவர் கத்தினார். போட்டோ எடுத்தார். நான் மருந்துப் பெட்டியை மூடுவதற்குள் அந்தப் படமும் விஷத்துக்கு ஆதாரமாக வாட்ஸ்அப்பில் போய்விட்டது. சப்-இன்ஸ்பெக்டர் என்னை ஓரமாக அழைத்தார். “இதெல்லாம் எனக்குப் புரியுது மேடம். ஆனா விஷம் இல்லைன்னு பேப்பர் வேணும். இல்லைன்னா நான் அந்த ஆளை வெளியவிட்டா ஊரு என்னைய விடாது.” பூச்சிமருந்தைக் கண்டுபிடிக்கும் வசதி எங்கள் கூடத்தில் கிடையாது. வெளியூர் ஆய்வகத்துக்கு அனுப்பிப் பதில் வர மாதக்கணக்காகும். அதுவரை சின்னையா?

பாட்டில்களோடு புதுக்கோட்டைக்கு ஓடினேன். சாமிநாதன் சார் பள்ளத்துப் பாட்டிலை வாங்கி, வழக்கம்போல வெளிச்சத்தில் பிடித்தார்.

“மூடிக்குக் கீழ குமிழி இருக்கே.”

பார்த்தேன். இருந்தது. ஜீப் குலுக்கலிலோ, கூட்டம் இடித்துக்கொண்டு நின்றபோது நான் அவசரமாக மூடியதிலோ நுழைந்திருக்கிறது. அதனால் வெள்ளை லேசாக மங்கி, பழுப்பு சாயல் தட்டியிருந்தது. சார் தொட்டியை நோக்கித் திரும்பினார். அவர் என்ன செய்யப் போகிறார் என்பது எனக்குத் தெரியும்.

அத்தனை வருஷத்தில் முதல்முறையாக அவர் கையைப் பிடித்துவிட்டேன்.

“சார், கொட்டாதீங்க. ஒரு ஆளு ஸ்டேஷன்ல உக்காந்திருக்காரு.”

“அதுக்காகத்தான் கொட்டுறேன். தப்பான சாம்பிளை வச்சு ஒரு ஆளை உள்ளயும் வைக்கக் கூடாது, வெளியயும் விடக் கூடாது.”

“தப்பு எந்தப் பக்கம் சார் போகும்? காத்து உள்ள போனா ஆக்ஸிஜன் கூடத்தான செய்யும்? கொறையாதே! கூடியும் இவ்வளவுதான் இருக்குன்னா, அங்க ஒண்ணுமே இல்லைன்னுதான சார் அர்த்தம்?”

குரல் எனக்கே தெரியாமல் உயர்ந்திருந்தது. பக்கத்து அறையிலிருந்து எட்டிப் பார்த்தார்கள். சார் என் கையை விலக்கவில்லை. பாட்டிலைத் திரும்பவும் வெளிச்சத்தில் பிடித்தார். ரொம்ப நேரம் அந்தக் குமிழியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“ஒரு குமிழிக் காத்து இந்தத் தண்ணியை மாத்துதுன்னா, நெறயாக் காத்துக் குடுத்தா என்ன ஆகும்?” என்று கேட்டார்.

“பொழைச்சுக்கும் சார்.”

“விஷம் இருந்தா பொழைக்குமா?”

“பொழைக்காது.”

“அப்ப அதை அங்க வச்சே காட்டுவோம். நாளைக்கு நானும் வாரேன்.” பாட்டிலைக் கொட்டாமல் மேஜையில் வைத்தார்.

மறுநாள் காலை சார் அதே வெள்ளைச் சட்டையோடு தெர்மாகோல் தெப்பத்தில் ஏறினார். பள்ளத்தின் அடித்தண்ணீர் இன்னும் கறுப்பாகத்தான் இருந்தது. அதைக் கூண்டுப் பாட்டிலில் எடுத்து எடுத்து, அலையடிக்காமல் சிறு குழாய் வழியாக இரண்டு வாளி நிறைய இறக்கினோம். மூன்றாவது வாளியில் வாய்க்கால் தண்ணீர். வாய்க்கால் வாயில் பிடித்த கெண்டைக் குஞ்சுகள் ஒரு பாத்திரத்தில் தயாராக இருந்தன. சப்-இன்ஸ்பெக்டரும் ஊர்த் தலைவி வசந்தாவும் முன்னால் நின்றார்கள்.

“பள்ளத்துத் தண்ணி ரெண்டு வாளியில ஒண்ணை மட்டும் டீ ஆத்துற மாதிரி உசரத் தூக்கி ஆத்தணும். நல்லா நொரைக்கிற வரைக்கும்” என்றார் சார்.

செல்வராணி முன்னால் வந்தார். “நான் ஆத்துறேன் சார்.”

“அவ கையில எதுக்குக் குடுக்குறீங்க?” என்று ராசு பாய்ந்தார். “எதையாச்சும் கலந்துருவா. நான் ஆத்துறேன். எங் கண்ணு முன்னாடி வேற யாரு கையும் படக் கூடாது.”

“ரொம்ப நல்லது. நீங்களே ஆத்துங்க” என்றார் சார்.

ராசு ஆற்றினார். வாளியிலிருந்து வாளிக்கு, தலைக்கு மேலே தூக்கி. நாற்றம் முதலில் கரையையே அடித்தது, பிறகு மெல்ல மெல்லக் குறைந்தது. அந்தப் பெரிய உடம்பு வேர்த்து ஊற்றியது. சார் போதும் என்று சொல்லவே இல்லை. கடைசியில் ராசுவே மூச்சு வாங்கிக்கொண்டு வாளியைக் கீழே வைத்தார்.

மூன்று வாளியிலும் குஞ்சுகளை விட்டோம். வாய்க்கால் தண்ணீரில் விட்டவை சுற்றிச் சுற்றி ஓடின. ஆற்றாத வாளியில் விட்டவை நேராக மேலே வந்து, வாயை வாயைத் திறந்தன. ஒருக்களித்தன. சற்று நேரத்தில் வெள்ளை வயிறு தெரிந்தது. எல்லோரும் ஆற்றிய வாளியைக் குனிந்து பார்த்தார்கள். அதே பள்ளத்தில் எடுத்த அதே தண்ணீர். குஞ்சுகள் அடியில் போய் மேய்ந்துகொண்டிருந்தன.

“விஷம்னா ஆத்துனா போயிருமா?” என்று சார் ராசுவையே கேட்டார்.

ராசு வாளியிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. எங்களைவிட அவருக்குத்தான் மீனைப் பற்றித் தெரியும். “அப்ப நான் யாரு மேல கேஸ் போடுறது?” என்று கேட்டார். அவர் கேட்ட விதம் எனக்கு இன்னும் நினைவிருக்கிறது. அதில் வீம்பு இல்லை. நிஜமாகவே தெரியாமல் கேட்டார்.

சப்-இன்ஸ்பெக்டர் சாரிடம் திரும்பினார். “அப்ப கம்மாயில மருந்தே இல்லைன்னு எழுதித் தந்துருவீங்கள்ல?”

“அப்படி எழுத மாட்டேன். மருந்து துளிகூட இல்லைன்னு இது காட்டாது. மீனைக் கொன்னது மருந்து இல்லைன்னு காட்டுது. அதை எழுதித் தாரேன்.”

சப்-இன்ஸ்பெக்டர் நெற்றியைத் தேய்த்துக்கொண்டார். அந்த நிமிஷத்தில் அவர்மேல் எனக்கு இரக்கமே வந்தது. சாரோடு வேலை பார்ப்பது என்றால் என்ன என்று அவருக்கும் புரிந்திருக்கும்.

அன்று சாயங்காலமே சின்னையாவை விட்டுவிட்டார்கள். “போகலாம்” என்று மட்டும் சொன்னார்களாம். செடிகளைப் பிடுங்கியவர்கள் யார் என்று யாரும் கேட்கவில்லை. வெளியூர் ஆய்வகத்தில் மருந்து எதுவும் தென்படவில்லை என்று பதில் வந்தபோது ஊர் வேறு பேச்சுக்குப் போயிருந்தது.

எங்கள் அறிக்கையை நான்தான் எழுதினேன். குழாயின் வாயைப் பள்ளத்திலிருந்து எடுத்து, மிதவையில் கட்டி, மேலுக்கும் அடிக்கும் நடுவில் தொங்கவிட வேண்டும். மடைப்பக்கம் மண் அள்ளக் கூடாது. பருவத்தின் முதல் வெள்ளம் வந்ததும் கலங்கல் அடங்கும்வரை மோட்டார் போடக் கூடாது. இவ்வளவுதான். ஒரு ஆறாம் வகுப்புப் பிள்ளைக்குப் புரியும். அது மேலே மேலே போய், மடிந்து, கசங்கி, கடைசியில் ஒரு உத்தரவாகத் திரும்பி வந்தது. ப்ளீச்சிங் பவுடரின் அளவை உயர்த்தவும்.

சார் அதைப் படித்துவிட்டுக் கோப்பில் வைத்தார். அவர் ஓய்வு பெற்றுப் போனபின் நான் நினைவூட்டல் எழுதினேன். திரும்பவும் எழுதினேன். மிதவைக்குப் பணம் ஒதுக்க மதிப்பீட்டில் தலைப்பு இல்லை என்றார் பொறியாளர். பள்ளத்தில் குழாய் போட மட்டும் தலைப்பு இருந்திருக்கிறது.

அடுத்த மழைக்கு முன்னால் ஊர்த் தலைவி வசந்தா போன் செய்தார். “மேடம், நீங்க சொன்ன மாதிரி நாங்களே செஞ்சுட்டோம். வந்து பாருங்க.”

போனேன். கண்மாய் நடுவில் நீல பிளாஸ்டிக் டிரம்கள் மிதந்துகொண்டிருந்தன. நடுவில் குழாயின் வாய் வலை கட்டித் தொங்கியது. முடிச்செல்லாம் கச்சிதம். என் நேரம், அன்றைக்கே பொறியாளரும் ஜீப்பில் வந்து இறங்கினார்.

“யாரு பெர்மிஷன்ல இதைக் கட்டுனீங்க? அரசாங்கக் குழாய் இது. அவுத்துருங்க.”

வசந்தா கரையோரத் தெருக்குழாயில் ஒரு சொம்பு பிடித்துக் கொண்டுவந்து நீட்டினார். “வெயில்ல வந்திருக்கீங்க சார், குடிங்க.”

சுற்றி நின்றவர்கள் எல்லோரும் அவரையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். பொறியாளர் என்னைப் பார்த்தார். நான் வேறு பக்கம் பார்த்தேன். அவர் குடித்தார். முழுக்கக் குடித்தார். சொம்பைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, அவிழ்ப்பதைப் பற்றிப் பிறகு பேசிக்கொள்ளலாம் என்று ஜீப்பில் ஏறிவிட்டார். இன்றுவரை அது அனுமதி இல்லாத மிதவைதான்.

“யாரு கட்டுனது?” என்று வசந்தாவைக் கேட்டேன்.

“ராசுவும் சின்னையாவுந்தான்.”

எனக்கு நம்ப முடியவில்லை. வாய்க்கால் ஓரம் போனேன். சின்னையா புதிதாக நட்ட கத்திரி நாற்றுக்கு மண் அணைத்துக்கொண்டிருந்தார். ஸ்டேஷனிலிருந்து வந்தபின் அவரை அன்றுதான் நேரில் பார்க்கிறேன். மெலிந்த, கூச்சமான மனிதர். டீக்கடையில் அந்த வீராப்புப் பேச்சைப் பேசியவர் இவர்தானா என்று தோன்றியது.

“ராசுகூட சமாதானம் ஆயிட்டீங்களா?” என்றேன்.

“இல்லங்க. பேச்சு வார்த்தை இல்ல.”

“பிறகு எப்படிச் சேர்ந்து கட்டுனீங்க?”

“தெப்பத்துல ஒத்த ஆளால முடியலீங்க அவருக்கு. கரையில நான்தான் நின்னேன்.”

“மன்னிப்பாவது கேட்டாரா?”

சின்னையா மண்வெட்டியை ஊன்றிக்கொண்டு கொஞ்சம் யோசித்தார்.

“கேக்கலீங்க. கயித்தோட ஒரு முனையத் தூக்கி எங்கிட்டப் போட்டாரு. நான் புடிச்சேன்.”